நாற்பத்தொன்பது

ஆம்பூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தன
அறுபது காடை முட்டைகள்.
உடையும் பொருள் என்று சிவப்பு மசியில் எழுதியிருந்தது.
பல்லடம் ஸ்டாண்டில் கிளீனர் பையன்
படிக்காமலே இறக்கிப் போட்டான்.

எனக்கு அவசரம்.
வந்த சூட்டோடு பெட்டிக்குள் அடுக்கினேன்.
கரண்ட் பில் எழுத வருகிறவரைக்கூட
உக்காருங்க, தண்ணி குடிங்க என்கிற ஊர்.
எட்டு மணி நேரம் குலுங்கி வந்ததுகளை
ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

பதினேழாம் நாள் ஒன்று ஓட்டைத் தட்டியது.
பதினெட்டு முடிய, பதினொன்று.
இருபது வரை பொறுத்தேன்.
மீதியெல்லாம் புள்ளி போட்ட கூழாங்கல்லாய்க் கிடந்தன.

இம்தியாஸுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன்:
"கூமுட்டைக்கா காசு வாங்கினீங்க?"
அவர் கோபப்படவில்லை.
"உடைச்சுப் பாத்தீங்களா?" என்றார், அவ்வளவுதான்.

உடைப்பதா.
வீட்டுக்காரர் காடைக் கூட்டம்.
முட்டை விற்க மட்டும்தான் வளர்க்கச் சம்மதித்தார்.
பைபாஸ் கடையில் யாராவது காடை ரோஸ்ட் சொன்னால்
இலையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்.

அவர் சந்தைக்குப் போன வியாழக்கிழமை
துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.
ஒரு கிண்ணம், கத்தரிக்கோல்,
பையனின் பழைய கணக்கு நோட்டு.

முதல் ஒன்பதில் வெறும் மஞ்சள்.
இம்தியாஸ் என்று எழுதினேன்,
திருப்தியாக, கொட்டை எழுத்தில்.

அடுத்துப் பதினாலு.
குங்குமம் கரைந்து ஓரம் கட்டியது போல்
ஒரு சிவப்பு வளையம், மூன்றாம் நாளோடு சரி.
மொட்டை முனையில் இருக்கவேண்டிய காற்றறை
பிய்ந்து விலாப்பக்கம் நகர்ந்திருந்தது.
பஸ்காரன் என்று எழுதினேன்.
பிறகு பக்கத்தில் என் பேரும்.
கூர்முனை கீழாக ஒரு நாள் சும்மா விட்டிருந்தால்
சிலதாவது தன் நிலைக்கு வந்திருக்கும்.

மூன்று, பாதியில் நின்றவை.
அது கரண்ட் போன ராத்திரி.
குழந்தவேலுவின் தறி நின்றதும் முழித்துக்கொண்டேன்
(இங்கே சத்தம் நின்றால்தான் தூக்கம் கெடும்),
விசிறிக்கொண்டு திரும்பப் படுத்தேன்.
பெட்டி ஞாபகம் வரவில்லை.

மிச்சம் இருபத்து மூன்று.
இதற்கு நான் தயாராக இல்லை.
முழுசாக இருந்தன.
இறகு, நகம், அலகு நுனியில்
ஓட்டை உடைக்கவென்றே முளைத்த வெள்ளைப் பல்.
சில, அலகைக் காற்றறைக்குள் நீட்டியபடியே.
சவ்வு மட்டும் காய்ந்து
போஸ்டர் மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினேழாம் நாள் எத்தனை தடவை மூடி திறந்தேன்?
முதல் கீச்சுக்கு ஒன்று.
பையனுக்குக் காட்ட. வேலாமணியக்காவுக்குக் காட்ட.
ஸ்டேட்டஸில் போட, வெளிச்சம் போதாமல் இன்னொன்று.
வெளியே ஆடிக்காற்று.
தண்ணீர்க் கிண்ணம் வைத்துச் சேர்த்த ஈரத்தை எல்லாம்
ஒவ்வொரு திறப்பிலும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

காய்ச்சல் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன்.
பெட்டி சரியாகத்தான் காட்டியது.
அதன் மேலாவது பழி போடலாம் என்றிருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்து
"எத்தன பொரிச்சுது?" என்றார்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
எண்ணெய்ச்சட்டி ஞாபகம் வராமல் சொல்கிறவர் அவர்தான்.
"பதினொண்ணு."
கறிவேப்பிலைச் செடியடியில் மண் புதுசாய் இருந்ததைப் பார்த்தார்.
கைகால் கழுவப் போனார்.

பல்புக்குக் கீழே பதினொன்றும்
கட்டைவிரல் தண்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின.
ஒன்றுக்கு மட்டும் கால் விரிந்து போகிறது.
அதற்கு நூல் கட்டிவிட்டு இம்தியாஸைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு அறுபது அனுப்புங்க.
அந்த ஒம்போதுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லுங்க.
மத்ததுக்கு
நான் சொல்லிக்கறேன்."